வரப்பு தாண்டிய புளியமரம்

உஷாராணிக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. நெற்றியில் வைத்துக்கொள்கிற பொட்டென்றால் அவளிடம் அட்டை அட்டையாக இருந்தது. இது ஓவியக் கண்காட்சிப் பொட்டு. படம் விற்றுப்போய்விட்டது என்பதற்கு அடையாளமாகப் பெயர்ச்சீட்டின் ஓரத்தில் ஒட்டுவார்களே, அது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரே கறிக்கடை வாசலில் நிற்கப் போனால், இவர்கள் ஸ்டாண்டும் பெயிண்டும் மடக்கு நாற்காலியுமாக வேன் ஏறிவிடுவார்கள். எங்காவது வெட்டவெளியில் போய் உட்கார்ந்து, கண்ணில் படுகிற ஏரியையும் கரட்டுக் குன்றையும் வரைவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூருக்கு வேலைக்குப் போனபிறகு உஷாராணி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள்.

முதல் வருஷம் அவள் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். ஃபேன் காற்று அங்கேதான் விழுகிறது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் வருஷம் பொட்டு விழுந்தே விட்டது. பெயர் சொல்ல விரும்பாத ரசிகர் ஒருவர் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். உஷாராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் பால்கோவா கொடுத்தாள், அவள் மாடிக் குழாயைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிற பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. பொங்கலுக்கு ஸ்டாக் எடுக்க உதவப் போனபோதுதான், செவ்வாய்ப்பேட்டையில் தன் வீட்டுக்காரர் குமரகுருவின் ஜவுளிக்கடை குடோனில், சேலை பண்டல்களுக்குப் பின்னால் சாத்தியிருந்த படத்தோடு அந்த ரசிகரின் முகவரியும் கிடைத்தது.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. குமரகுரு நல்ல மனுஷர், பெண்டாட்டி முகம் வாடினால் தாங்கமாட்டார், அந்த ஒரு குற்றம்தான். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டி வந்தது அவருக்கு. தானோ, தன் தம்பியோ, கடை ஆட்களோ, சம்பந்தி வகையறாவோ, யாரும் இனி அவள் படத்தை வாங்குவதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர், அவளுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருத்தர், இது எனக்கு வேண்டும் என்று தானாக வந்து கேட்க வேண்டும். இந்த வருஷமும் அது நடக்காவிட்டால் பிரஷ்ஷையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று உஷாராணி தீர்மானித்திருந்தாள். கோபத்தில் எடுத்த தீர்மானம்தான். ஆனாலும் அவள் எடுத்தால் எடுத்ததுதான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கூட்டம் புதுச்சத்திரம் போனது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கோழிப்பண்ணை ஒன்றைத் தாண்டினால் மரவள்ளிக் காடு. தூரத்தில் நீலமாகக் கொல்லிமலை. ஸ்டாண்டுகளை விரித்ததுமே சின்னண்ணன் என்ற விவசாயி துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். மூன்று கால் வைத்த சாமானோடு ஆட்கள் வந்து இறங்கினால் ரோடு போட நிலம் அளக்கத்தான் என்பது அந்தப் பக்கத்து அனுபவம். படம்தான் வரையப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த நிம்மதியில், ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கண்காட்சி வைக்கும்போது சொல்லுங்கள் என்று போன் நம்பரும் கொடுத்துவிட்டு மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

காற்றென்றால் அப்படியொரு காற்று. கூட்டத்துக்குத் தலைவரான பல் டாக்டர் தனசேகரின் தொப்பி பறந்துபோய்க் கோழிப்பண்ணை வலையில் ஒட்டிக்கொண்டது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற அகல்யா ஈரத் தாளைத் துரத்திக்கொண்டு கடலைக்காட்டுக்குள் ஓடினாள். மண்ணும் சருகும் அப்பிக்கொண்டு அது திரும்பி வந்தபோது முன்னைவிட நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். உஷாராணி தன் ஸ்டாண்டைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டாள். அவள் குனிந்தால் படமும் குனிந்தது, அவள் தும்மினால் கொல்லிமலை ஆடியது. சிரித்துச் சிரித்து யாருக்கும் கோடு நேராக வரவில்லை.

நடுவில் ஒரு வரப்பு மலையைப் பார்த்து ஓடியது. வரப்புக்கு இடது பக்கம் சின்னண்ணனின் மரவள்ளி. வலது பக்கம் வேறு யாருடையதோ சோளம், அதன் ஓரத்தில் குடை விரித்த மாதிரி ஒரு புளியமரம். உஷாராணி இருப்பதை இருக்கிறபடியே வரைய ஆரம்பித்திருந்தாள். பின்னால் வந்து நின்ற தனசேகர், படத்தைக் காட்டச் சொல்லி, நோயாளியின் வாயைப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வலது பக்கம் நெருக்கமாக இருக்கிறது, இடது பக்கம் பல்லே இல்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மீட்கப் போனார்.

சொன்னது உண்மைதான். உஷாராணி கொஞ்ச நேரம் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஜேசிபி இல்லாமல், கிராம நிர்வாக அலுவலரின் அனுமதி இல்லாமல், அந்தப் புளியமரத்தை அலாக்காகத் தூக்கி வரப்புக்கு இடது பக்கம் மரவள்ளிக்குள் வைத்தாள். வைத்ததும் படம் மூச்சு விட்டது. வலது பக்கத்துச் சோளத்தில் வெயில் தாராளமாக விழுந்தது, மலை பின்னுக்குப் போனது, காற்றுகூட அடித்தது. இவ்வளவு நன்றாக அவள் எதையும் வரைந்ததில்லை. அது அவளுக்கே தெரிந்ததால் தன்னந்தனியாக நின்று சிரித்தாள்.

கண்காட்சி ஆவணியில் நடந்தது. அஸ்தம்பட்டியில் ஒரு மினி ஹால், காதுகுத்துக்கும் சீருக்கும் விடுகிற இடம். முந்தின விழாவின் தெர்மாகோல் மயில்கள் இரண்டை யாராலும் கழற்ற முடியாமல், அவையும் கண்காட்சியில் இருந்தன. முதல் நாள் காலையிலேயே அகல்யாவின் சருகு ஒட்டிய படத்துக்குப் பொட்டு விழுந்தது. வேர் சிகிச்சை பாதியில் நிற்கிற நோயாளி ஒருவர் தனசேகரின் படத்தைப் பேரம் பேசாமல் வாங்கிப்போனார். உஷாராணியின் புளியமரத்தை நிறையப் பேர் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், மயிலையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். சத்தியத்தால் கை கட்டப்பட்ட குமரகுரு வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் சின்னண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் உஷாராணியின் படத்துக்கு முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை உஷாராணி பார்த்தாள்.

“இது எனக்கு வேணுமுங்க அம்மணி” என்றார் சின்னண்ணன்.

உஷாராணி பொட்டுத் தாளை எடுத்து ஒன்றை உரித்தே விட்டாள். ஆனால் அவர் கையமர்த்தினார். ஒருத்தன் வரவேண்டும், அவன் தன் கண்ணால் இதைச் சுவரில் பார்த்தபிறகுதான் இறக்கவேண்டும் என்றார். உடனே போனை எடுத்து வீடியோ காலில் யாருக்கோ படத்தைக் காட்டி, பாத்தியா பாத்தியா என்று சந்தோஷமாகக் கூவினார். சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டப்போகிறார் என்று உஷாராணி நினைத்தாள். விரல் நுனியில் பொட்டை ஒட்டிக்கொண்டு ஹால் முழுக்க நடந்தாள். அகல்யாவைக் கட்டிப்பிடித்தாள். தெர்மாகோல் மயில்கூட அழகாகத் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் செங்கோடன் வந்து இறங்கினார். சின்னண்ணனுக்குப் பங்காளி, பக்கத்துக் காட்டுக்காரர். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் யாரையும் பார்க்காமல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சின்னண்ணன் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அதற்கு மேலே ஆயிரம் வைத்துத் தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்று உஷாராணியிடம் கெஞ்சினார். சின்னண்ணன் அதற்கு மேலே ஆயிரம் என்றார். செங்கோடன் விடவில்லை.  ஒரு ரசிகர் கேட்டவளுக்கு இரண்டு ரசிகர்கள், அதுவும் அடித்துக்கொள்கிற ரசிகர்கள். வாசலில் குமரகுரு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

“நீ எத்தன ஆயிரம் வெச்சாலும் வெய்யி” என்றார் சின்னண்ணன். “மரம் யாரு காட்டுல நிக்குதுன்னு மட்டும் நல்லாப் பாத்துக்க.”

இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதில்தான் உஷாராணிக்கு விஷயம் புரிந்தது. பாகம் பிரித்த நாளிலிருந்து அந்தப் புளியமரம்தான் இரண்டு குடும்பத்துக்கும் வம்பாம். வரப்பு ஓரடி தள்ளி விழுந்ததில் மரம் செங்கோடன் பக்கம் போய்விட்டது. சின்னண்ணனின் அப்பா சாகிற வரைக்கும் அது தன் மரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம், ஊரில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சேலத்தில், பத்துப் பேர் பார்க்கிற சுவரில், மரம் சின்னண்ணன் காட்டில் ஜம்மென்று நிற்கிறது. பாவம் செங்கோடன், காலையில் அந்த மரத்தில் ஆடு கட்டிவிட்டு வந்தவர். எந்தப் பக்கம் நின்று கட்டினோம் என்று இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை நகர்த்திவிட்டாயா என்று சின்னண்ணனைப் பார்த்து அவர் கேட்டபோது குரல் உடைந்தது.

தனசேகர் உஷாராணியின் காதோரம் வந்து, வாயைத் திறக்காதீர்கள், விற்றால் சரி என்றார். வாழ்க்கையில் அவர் யாரையும் வாயைத் திறக்காதே என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

உஷாராணி தன் விரலைப் பார்த்தாள். பொட்டு இன்னும் அங்கேயே இருந்தது. ஒட்டிவிட்டால் ஆயிற்று, மூன்று வருஷத்து ஆசை தீர்ந்தது. ஆனால் இவர்கள் வாங்கவந்தது மரத்தை. குடோனில் கண்டெடுத்த படம் அவளுக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு வந்த அதே அழுகை மறுபடி வரப் பார்த்தது. அழுகிறதைவிடச் சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

“வரப்ப யாரும் நகத்தலைங்க. மரத்தத்தான் நான் நகத்திட்டேன்.”

 இடது பக்கம் காலியாக இருந்ததையும், மரத்தைத் தூக்கி வைத்ததும் படம் சரியானதையும் அவள் கடகடவென்று ஒப்பித்தாள். நிஜத்தில் மரம் செங்கோடன் காட்டில்தான் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம் என்றாள். செங்கோடன் தடாலென்று பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது கதை, பரண்தான் என்று உஷாராணி நினைத்தாள்.

சின்னண்ணன் சுவருக்குக் கிட்டே போனார். மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை மரத்தோடு நிற்காமல் சோளத்தை, வெயிலை, மலையை என்று கண் சுற்றிவந்தது.

“ஏனுங்க அம்மணி, அன்னிக்கு எளநி குடிச்சதுக்கு முன்னால எங்க ரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியாதில்லீங்க?”

“தெரியாதுங்க.”

“எங்கூட்டுச் சண்டையும் தெரியாது.”

“சத்தியமாத் தெரியாதுங்க.”

“ஒண்ணுமே தெரியாம, மரம் என்ற காட்டுல இருந்தாத்தான் நல்லாருக்கும்னு உங்களுக்குப் பட்டிருக்குது. எங்கப்பன் காலம் பூரா அதையேதானுங்க சொன்னாரு. ஒட்டுங்க.”

உஷாராணி ஒட்டினாள். அவசரத்தில் பொட்டு கோணலாகப் போய் அவள் பெயரின் மேலேயே பாதி விழுந்தது. குமரகுரு வாசலிலிருந்து எழுந்து வந்து, பெண்டாட்டியைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு தெர்மாகோல் மயிலைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்தார். அகல்யா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உஷாராணிக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

செங்கோடன் மட்டும் சேரை விட்டு எழவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

“அப்ப எனக்கும் ஒரு படம் எழுதிக் குடுங்க அம்மணி. அவன்ற கெணறு இருக்குது பாருங்க, அது என்ற காட்டுல இருக்கற மாதிரி.”

எல்லோரும் சிரித்தார்கள். உஷாராணி சிரிக்கவில்லை. கிணறு எந்தத் திசையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன மரம், காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

“வந்து உக்காந்து பாத்தாத்தானுங்க சொல்ல முடியும். கெணறு அங்கயே இருந்தாத்தான் படம் நல்லாருக்கும்னா நான் நகத்த மாட்டேன். நீங்க எத்தன ஆயிரம் குடுத்தாலும் மாட்டேன்.”

செங்கோடன் அது நியாயம்தான் என்று தலையாட்டினார். சின்னண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“வாரப்ப மொதல்ல எங்கூட்டுல வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டு அப்பறம் உக்காருங்க அம்மணி” என்றார் அவசர அவசரமாக.