கொப்பூழ் மடிப்பில் ஒரு வெட்டு

வடகடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்த ரோகூர் கோபன்ஹேகன் மருத்துவமனைக்கு வந்து சேர மூன்று நாளாயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுடைய ஆறு வாரக் குழந்தை எய்தூன், அவன் மனைவி மார்யூன் பின்னிய கம்பளிச் சட்டையோடு ஒரு சிறிய அறையில் கிடந்தான்.

பரோயே தீவிலிருந்து மார்யூன் தனியாகத்தான் பிள்ளையை விமானத்தில் கொண்டுவந்தாள். பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். குடல் முறுக்கிக்கொண்டது என்றார்கள். அவளே கையெழுத்துப் போட்டாள். கப்பலுக்குப் போட்ட தொலைபேசியில், இரைச்சலுக்கு நடுவே, ஆபரேஷன் என்ற ஒரு சொல்தான் ரோகூரின் காதில் விழுந்தது.

ரோகூர் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"எங்க வெட்டினாங்க?"

"தொப்புள்ல."

"யாருகிட்ட கதை விடுற? ஒரு நாளைக்கு ஆயிரம் மீன் வயித்தக் கிழிக்கிறவன் நான். கிழிச்ச வயிறு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா வெட்டினாங்க, ரோகூர்."

"கையெழுத்த வாங்கிட்டுச் சும்மா போட்டு வச்சிருக்காங்க. நீயும் வாயத் தொறக்காம பாத்துட்டு இருந்திருக்க."

மார்யூன் குனிந்து பார்த்தாள். உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையைச் சும்மா சாகவிட்டவள் என்று இவன் நினைத்துவிட்டால், இனி ஒரே வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? ஓடிப்போய், ஆபரேஷன் செய்த டாக்டர் லிஸ்பெத்தை அழைத்துவந்தாள்.

லிஸ்பெத் இரண்டு விரல்களால் கொப்பூழின் மேல்மடிப்பை மெல்ல விலக்கினாள். உள்ளே, நகக்கீறல்போல, பிறை வடிவில் ஒரு கோடு. அதில் மயிரிழைத் தையல்கள்.

"இது வழியாத்தான் குடல வெளிய எடுத்து முறுக்கப் பிரிச்சோம். முக்கால்வாசி கறுத்துப் போயிருந்துச்சு. திரும்ப உயிர் வரல," என்றாள். "பெரியவனானா அவனுக்கே தழும்பு தெரியாதுன்னு உங்க மனைவிகிட்ட சொன்னேன். இப்படி வெட்டுறதே அதுக்குத்தான். மன்னிச்சிடுங்க."

ரோகூர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தான். கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலை அந்தக் கோட்டருகே கொண்டுபோனான். தொடவில்லை.

"நல்ல கை," என்றான். "இவ்வளவு நல்லா வெட்டியுமா?"

லிஸ்பெத் தலைகுனிந்து வெளியே போனாள்.

ரோகூர் சட்டையை இறக்கிவிட்டான். பொத்தான் ஒன்று அவன் விரலுக்கு அடங்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மார்யூன் போட்டுவிட்டாள்.

"ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"நீ எங்க இருந்த?"

"ஆபரேஷன் ரூம் வாசல்ல. நின்னுட்டே இருந்தேன்."

"ஒரு நாற்காலிகூடப் போடலையா உனக்கு?"

"போட்டாங்க. உக்கார முடியல."

அவன் அவள் முழங்கையைப் பிடித்துச் சுவரோரத்து நாற்காலிக்குக் கூட்டிப்போனான்.

"உக்காரு," என்றான். "இப்ப நான் நிக்கிறேன்."

மூன்று நாளில் அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.