தூக்காத கை

அரசனை விரட்டிவிட்டு அந்த நகரம் தன்னைத்தானே ஆளத் தொடங்கி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. ஓராண்டுக்கு ஒரு தலைவர். இருந்தவர் மறுபடி வரக்கூடாது. ஆறாவது தலைவர் ஒரு கொல்லர். வெள்ளத்தில் கரை உடைந்தபோது இடுப்பளவு நீரில் நின்று ஊரைக் காப்பாற்றியவர். அவரை ஆயுள் முழுக்கத் தலைவராக்க வேண்டும் என்று சபையில் தீர்மானம் வந்தது.

சபையின் இருபத்தொரு பேரில் சாயக்காரரும் ஒருவர். கொல்லரின் தங்கையைக் கட்டியவர். தீர்மானம் வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீலத்தொட்டியில் போட்ட நூலை எடுக்க மறந்து, ஒரு சுமை முழுக்கக் கறுத்துப்போனது.

"எங்கண்ணனுக்கு எதிரா நின்னுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவீங்க?" என்றாள் மனைவி.

"உங்கண்ணன் நல்லவர்தான்."

"அப்புறம் என்ன?"

"அரசனோட தாத்தாவும் நல்லவர்தானாம். எங்கப்பா சொல்வாரு."

வாக்கெடுப்பன்று காலையில் அவர் கொல்லரின் பட்டறைக்குப் போனார். "மச்சான், நீங்களே வேணாம்னு சொல்லிடுங்களேன்."

கொல்லர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "நானா கேட்டேன்? ஊர் கேக்குது, மாப்பிள்ளை. நான் தப்பு பண்ணா நீங்க தட்டிக் கேக்க மாட்டீங்களா?"

"இப்ப கேப்பேன். அடுத்த வருஷம் நீங்க அங்க இருக்கமாட்டீங்கங்கிற தைரியம்தான்."

"கதவச் சாத்திட்டுப் போங்க."

சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு, பதினான்கு கைகள் வேண்டும். பதின்மூன்று உயர்ந்தன. கை தூக்காத எட்டுப் பேரில் எல்லோரும் பார்த்தது சொந்தக்காரரான சாயக்காரரைத்தான். முழங்கைவரை நீலமேறிய கைகளை மடியில் வைத்தபடி அவர் அசையாமல் இருந்தார். ஜன்னல் வழியே ஒரு செருப்பு வந்து விழுந்தது. "சட்டத்தத் தூக்கிப் போடுங்கய்யா!" என்று வாசலில் கூட்டம் கத்தியது.

கொல்லர் எழுந்து வாசல்வரை போனார். கூட்டத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், கூட்டம் உள்ளே புகுந்திருக்கும். திரும்பி வந்து தலைவருக்குரிய முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

புதிய தலைவர் சுண்ணாம்புக்காரர். எதையும் நாளைக்குத் தள்ளுகிறவர். தெருக்கள் குண்டும் குழியுமாயின. "எல்லாம் உன்னாலதான்" என்று சந்தையில் சாயக்காரரை ஏசினார்கள். தான் செய்தது சரிதானா என்று அவருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் மனைவி மகள் மூலமாகத்தான் பேசினாள்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் தொட்டியருகே அவளே வந்து நின்றாள்.

"தெருவச் செப்பனிடலன்னு அண்ணன் அந்தத் தலைவர் வீட்டு வாசல்லயே நின்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு."

"அவரு என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவாரு? தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு."

சாயக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, ஆனாலும் துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.