மாவு மூட்டை நூல்

தங்கையா துணி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டினார். ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"டவுன்ல உம்பாய்க் கடற்கரைக் கருவாடு வந்திருந்தா வாங்கியாரவா?"

"வாங்கியாங்க."

"நீ கேக்கிறியா, வயித்துல இருக்கிறது கேக்குதா?"

"ரெண்டு பேருந்தான் கேக்குறோம். வெயில் ஏறுறதுக்குள்ள போங்க லா."

ஜானகி சிரித்துக்கொண்டே உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அன்று பிற்பகல், தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், ரப்பர் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுக் கூட்டமும் ரோட்டிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளமும் சுட்டுக்கொண்டன. நடுவில் சைக்கிளில் வந்து குண்டுபட்டு விழுந்தவர் தங்கையா. காட்டுக்காரன் சுட்டதுதான் என்றது பட்டாளம். தோட்டத்து லயத்து வீடுகளில் வேறு மாதிரி பேசினார்கள், அதையும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். யார் சுட்டிருந்தாலும் ஜானகிக்கு இரண்டு பக்கத்தார்மேலும் எரிந்தது.

தங்கையாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. போட்டிருந்த சட்டையையும் போலீஸ் திருப்பித் தரவில்லை. அவர் கைபட்டதென்று மிஞ்சியது அன்று காலை டவுன் தையல்கடையில் கொடுத்துவிட்டு வந்த ஒட்டுத்துணிதான்.

முன்பு, தொழிற்சங்கத்தில் பேர் இருந்ததற்காக, விசாரணை எதுவும் இல்லாமல், அவரை இரண்டு வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே கிழிந்த சட்டை, கைலித் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, சமையல்கட்டு மாவு மூட்டையிலிருந்து நூலை உருவி ஒட்டுப்போட்டார். அதற்குமுன் ஊசி பிடித்தறியாதவர். ஒரு தையல் விரல் நீளம் போகும், அடுத்தது எறும்பு மாதிரி குறுகி நிற்கும். விடுதலையானபோது அதைத்தான் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை பிறந்தால் படுக்கவைக்க, அடித்துணி கொடுத்து, நடுவே இலவம்பஞ்சு வைத்து மெஷினில் ஓட்டி வாங்கலாம் என்றுதான் டுரியான் துங்கால் டவுனுக்கு எடுத்துப் போனார்.

கருமாதி முடிந்தபின் ஜானகி தோட்டத்து லோரியில் ஏறி அந்தக் கடைக்குப் போனாள். தையல்காரர் கைருதீன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். போர்வையாகிவிட்ட ஒட்டுத்துணியை மேசைமேல் விரித்தார்.

கறுப்பு நூலில், குறுக்கும் நெடுக்கும், இடைவெளியே இல்லாமல் மெஷின் ஓடியிருந்தது. துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன. ஓரத்தில் ஒரு சிவப்புத் துணிப் பட்டி.

"ஓரத்த என்ன பண்ணீங்க நானா?"

"ஒரே கோணல்மாணலா இருந்துச்சும்மா. வெட்டி நேராக்கிப் பட்டி அடிச்சேன்."

"அதுல இருந்த வெள்ளை நூலு?"

"எந்த நூலு?"

"அவரு கையால தைச்ச நூலு!"

கைருதீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "குப்பையோட போயிருக்கும் தங்கச்சி. எனக்குத் தெரியாதே. நெருக்கி ஓட்டுங்கன்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு. பஞ்சு உருண்டு கட்டியானா, அரிசி மறைச்சிருக்குன்னு தோட்டத்துக் கேட்டுல கிழிச்சுப் பார்ப்பாங்கன்னாரு."

"அவரு சொன்னாரா? வந்து சாட்சி சொல்லமாட்டாருங்கிற தைரியமா?"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போர்வையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மலாயாவில் அவசரகாலம் என்று லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த காலம் அது. ரேஷன் பங்குக்கு மேல் ஒரு பிடி அரிசி வந்தாலும் காட்டுக்குப் போகும் என்று வாசலில் சோதனை. அன்று காவலுக்கு நின்றவன் பிச்சைமுத்து, அதே லயத்துப் பையன், காக்கிச் சட்டை போட்டுச் சில மாதமே ஆகியிருந்தது.

"என்னக்கா இது, இம்மாம் கனமா இருக்கு?"

"பஞ்சு."

"தட்டுனா கல்லாட்டம் இருக்கே. ஆர்டர் அக்கா, பிரிச்சுத்தான் ஆகணும்." அவன் கத்தியை உருவினான்.

"கத்தி பட்டுச்சு, கைய முறிச்சிடுவேன்." ஜானகி அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். சிவப்புப் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்தாள். தையல் படபடவென்று விட்டது. "உங்களுக்குப் பயந்துதான்டா இதை இப்படிக் கெடுத்தாங்க. பாரு, நல்லாப் பாரு! எங்க இருக்கு அரிசி?" பஞ்சைப் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்தாள்.

பின்னால் நின்ற அதே லயத்து அன்னம்மா, "மீசை நரைச்சுப் போச்சுடா பிச்சை, போய் மை போடு" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜானகி சிரிக்கவில்லை. இன்னும் காட்டுவதற்காக மேல்துணியைப் புரட்டியவளின் கை அப்படியே நின்றது.

உள்பக்கத்தில், துண்டும் துண்டும் சேரும் இடங்களில், அந்த நூல் இருந்தது. பழுப்பு வெள்ளையாய், தடித்து, தாவித் தாவி. கைருதீன் ஓரத்தை மட்டும்தான் வெட்டியிருந்தார். மற்றதன்மேல் மெஷினை ஓட்டியிருந்தார், அவ்வளவுதான்.

"போங்கக்கா" என்றான் பிச்சைமுத்து, பஞ்சைத் துப்பிக்கொண்டே.

ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்ததும் தினமும் போர்வையை மடியில் போட்டுக்கொண்டாள். பிளேடு முனையால் அடித்துணிப் பக்கமிருந்து கறுப்பு நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள்.

"கெட்டியாத்தானே இருக்கு, விடேன்டி. வயித்துப் புள்ளைக்காரி இப்படிக் குனிஞ்சே கிடக்கலாமா?" என்றாள் அன்னம்மா.

"இதுல அவரு தைச்சது மட்டும்தான் இருக்கணும் அன்னம்மாக்கா. வேறொருத்தன் தைச்சது ஒண்ணும் வேணாம்."

மெஷின் ஊசி சில இடங்களில் வெள்ளை நூலையே குத்தி அறுத்திருந்தது. அப்படி ஒன்றைக் கண்டால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசுவாள். பட்டாளத்தை, காட்டிலிருந்தவர்களை, கைருதீனை, சொல்லியனுப்பிவிட்டுச் செத்துப்போன மனுஷனையும்தான். அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். முகாமிலிருந்து வந்தபின், சோதனை வாசல் தூரத்தில் தெரியும்போதே அவர் சைக்கிளிலிருந்து இறங்கிச் சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துவிடுவார். தெரிந்ததால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. புது நூல் சேர்க்காமல், அறுந்த முனைகளையே இழுத்து முடிச்சுப் போட்டாள்.

கடைசியில் பஞ்சை மறுபடி பரப்பி, ஓரத்தை மடித்து, அவர் தையல்மேல் படாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தளர்வாகக் கைத்தையல் போட்டுப் பிடித்தாள். பஞ்சு உருண்டது. உருளட்டும் என்று விட்டுவிட்டாள். பிறந்தது பெண். அந்தப் போர்வைமேல்தான் கிடந்து வளர்ந்தாள்.

கைருதீன் கடைக்கு ஜானகி அதன்பின் போகவில்லை. லயத்து முள்வேலியையும் பிறகு பிடுங்கிவிட்டார்கள். போர்வை எத்தனையோ முறை துவைத்துக் காய்ந்தாகிவிட்டது. பழைய துணியில் மெஷின் ஊசி போட்ட துளைகள் மட்டும் மூடவில்லை. வெயிலில் உதறிப் பிடித்தால், வரிசை வரிசையாக இன்னும் தெரிகின்றன.