முகர்ந்த மல்லிகை

சிகிரியா மலைக்குப் பூத்தட்டோடு ஏறியவள் அன்று இனோகா ஒருத்திதான். வேனுக்குள் வைத்துவிட்டு வந்தால் வெயிலில் மல்லிகை வெந்துவிடும். மாலையில் தம்புள்ளைக் குகையில் அதைப் புத்தருக்கு வைத்து, செத்துப் பிறந்த தன் மகளுக்குப் புண்ணியம் சேர்க்க வேண்டும். ஒரு வருடமாக அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மகளைப் பறிகொடுத்த வாரம் நட்ட கொடி, இப்போதுதான் பூத்திருந்தது.

மாமியார் மெனிக்கே கைவீசி முன்னால் நடந்தாள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் மொள்ளச் சொன்னால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மகராசி அவள்.

பாதி வழியில், பாறையில் செதுக்கிய பெரிய சிங்கப் பாதத்தடியில் இனோகா மூச்சு வாங்க நின்றாள்.

"என்ன நிண்டிட்டாய்? இடுப்பில பிள்ளையே இருக்கு? வெறும் பூத்தானே," என்றாள் மெனிக்கே.

நாத்தனார் துலானி சிரித்தாள். "மெதுவா கதையுங்கோ அம்மா, மேல கூட்டில இருக்கிற குளவி கிளம்பிடும்."

"குளவிக்காவது ரோசம் இருக்கு."

கணவன் சாலிய தண்ணீர்ப் போத்தலின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தான். இப்படிப்பட்ட நேரங்களில் ஆராய்வதற்கு அவனுக்கு எப்போதும் ஏதாவது அகப்பட்டுவிடும்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பூ பறந்துவிடாமல் இனோகா தட்டை நெஞ்சோடு அணைத்துக் குனிந்தாள். மணம் மூக்கில் ஏறியது. குளிப்பாட்டிய பிள்ளையின் தலை இப்படித்தான் மணக்குமோ என்று நினைத்தாள். நினைத்ததுதான் தாமதம், முகம் பூவுக்குள் போய்விட்டது. ஒரே ஒரு மூச்சு. நிமிர்ந்தபோது மெனிக்கே எதிரில் நின்றாள்.

அவள் பார்த்துவிட்டு, கைவீசிக் கீழே இறங்கினாள். வேனில் சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டாள், பாட்டுக்குக் கை தட்டினாள். தம்புள்ளையில் தனக்குத் தாமரை வாங்கி, செருப்பைக் கழற்றி, குகை வாசலுக்கு வந்த பிறகுதான் தட்டைப் பிடுங்கினாள்.

"முகர்ந்த எச்சில் பூவையே புத்தருக்கு வைக்கப் போறாய்?"

"தெரியாமல் செஞ்சிட்டன் அம்மா. அடியில இருக்கிறது நல்ல பூ. அதையாவது தாங்கோ."

"உன்ர மூச்சு அடிவரைக்கும் போகாதோ?"

மெனிக்கே தட்டைப் பாறையில் கவிழ்த்தாள். குரங்குகள் வந்து மொய்த்தன. இனோகா கணவனைப் பார்த்தாள். அவன் குரங்குகளைப் பார்த்தான்.

"அம்மா, நீங்கள் தாமரை வைக்கிறபோது பிள்ளையையும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ," என்று கெஞ்சினாள்.

"பாப்பம்."

குகைக்குள் படுத்திருந்த புத்தரின் காலடியில் மெனிக்கே தாமரைகளை வைத்தாள். எல்லோரும் கைகூப்பினார்கள்.

"இந்தப் புண்ணியம் என்ர அம்மா அப்பாவுக்குச் சேரட்டும். என்ர பிள்ளையளின்ர அப்பாவுக்குச் சேரட்டும்." சரிந்த ஒரு தாமரையை நேராக்கி வைத்தாள். இனோகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லொறியில அடிபட்ட எங்கட டைகருக்கும் சேரட்டும். அருமையான நாய்."

"சாது, சாது," என்று அந்தப் புண்ணியத்தை ஆமோதித்தான் சாலிய.

மெனிக்கே திரும்பி மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனோகாவும் நாய்க்காகச் சாது சொன்னாள்.