கவுன்ட்டர் ஓரத்து ஸ்டூல்

சாரதா ஊருக்குப் போகும் விமானம் அடுத்த சனிக்கிழமை. அவளுடைய தங்கை கல்யாணத்துக்குப் போகிறாள் என்று கணவன் திருமூர்த்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணம் உண்மைதான். போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருப்பதும் உண்மைதான்.

"வருவியா, மாட்டியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"வந்து என்ன பண்றதுங்க? செவுத்தப் பாத்துப் பேசறதுக்கு இத்தன தூரம் வரோணுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். ஐம்பது மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. திருமூர்த்தியும் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. சாயப்பட்டறையில் கை நீலமாகி, அதற்கப்புறம் கம்ப்யூட்டர் படித்து மேலே வந்தவன். அவனுக்கு ஆபீஸ் இருந்தது. அவளுக்கு அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊர் அபார்ட்மென்ட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும். தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்துக்குப் போனால், பெண்கள் கேட்கும் முதல் கேள்வி "நீங்க எந்த காலேஜ்?" இவள் "பனியன் கம்பெனி" என்பாள். பேச்சு கிரீன் கார்டுக்கும் பிளசன்டனில் வீட்டு விலைக்கும் தாவிவிடும்.

ஆபீஸ் நண்பன் சுந்தர்சிங்தான் வழி சொன்னான். நாகர்கோவில்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுவான், வெள்ளிக்கிழமை பாருக்குப் போவான். இந்தப் பக்கம் எந்த பார் நல்ல பார் என்று அவனைத்தான் கேட்பார்கள்.

"அமெரிக்காக்காரன் வாய் தொறக்குத இடம் பார்தான் மக்கா. சாரதா தங்கச்சியையும் கூட்டிட்டு வா. நாலு பேருகிட்ட பேசினா சரியாவும்."

"அவ குடிக்க மாட்டாளே."

"ஆரஞ்சு ஜூஸ் குடிக்கட்டும். வெரட்டவா போறான்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் கிளம்பினார்கள். நல்ல பாருக்கு சுந்தர்சிங் வைத்திருந்த இலக்கணம் எளியது. கார் நிறுத்தும் இடம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். சர்ச் ஞானம் அங்கிள் அந்த வழியாகப் போனாலும் வண்டி தெரியக் கூடாது. ஜன்னல் ஆகாது. மூலையில் ஒரு மேஜை வேண்டும். ஊரில் ஒளிந்து ஒளிந்து குடித்தவன் வேறெப்படிக் கணக்குப் போடுவான்?

சன்னிவேலில் முதல் பார். குகை மாதிரி இருந்தது. வழக்கம்போல் மூலை மேஜையில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"இங்க யாருங்கண்ணா பேசறாங்க?" என்றாள் சாரதா.

"கொஞ்சம் பொறு தங்கச்சி."

பொறுத்தார்கள். பரிமாறும் பெண் மட்டும் வந்து வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இந்தப் புள்ள மட்டுந்தான் பேசுது. அதும் ஒரே பேச்சு."

அடுத்தது குபெர்டினோ. மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி.

"கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்ல தங்கச்சி, இது ஸ்டைல்."

"எழவு வீட்டுலகூட நாலு பேரு சத்தம் போடுவாங்கண்ணா."

திருமூர்த்தி கோக்கைக் குடித்து முடித்து எழுந்துவிட்டான். அவன்தான் வண்டி ஓட்ட வேண்டும். மில்பிடாஸ் வந்து சேர்வதற்குள், உள்ளே போன பியரெல்லாம் சுந்தர்சிங்குக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"நிறுத்து மக்கா, நிறுத்து. தாங்காது."

கார் ரிப்பேர் ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு பார் இருந்தது. சுந்தர்சிங்கின் கணக்கில் இது பாரே இல்லை. வாசலிலேயே பார்க்கிங். கதவு திறந்து கிடந்தது. பாருக்குள் சிகரெட் கூடாது என்று ஜனவரியில் புதுச் சட்டம் வந்திருந்ததால் புகைப்பவர்கள் வெளியே நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுந்தர்சிங் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

"நாமளும் போலாங்க," என்றாள் சாரதா.

"இங்கயா?"

அவள் இறங்கிவிட்டாள். உள்ளே பாட்டு, டிவியில் மேட்ச், பில்லியர்ட்ஸ் பந்து மோதும் சத்தம், அத்தனைக்கும் மேலே மனிதர்களின் கூச்சல். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஷிப்டுக்குள்ள போன மாதிரி இருக்குதுங்க."

மூலை மேஜை காலியாகட்டும் என்று திருமூர்த்தி நின்றான். அவள் நேரே போய் கவுன்ட்டர் ஓரத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கவுன்ட்டர்காரன் வயதுக்கு அத்தாட்சி கேட்டான். பாஸ்போர்ட்டை எடுத்தாள். அதற்குள் வைத்திருந்த விமான டிக்கெட்டும் கூடவே வந்து கவுன்ட்டர்மேல் விழுந்தது. திருமூர்த்தி வேறு பக்கம் பார்த்தான்.

சாரதா டிக்கெட்டைப் பார்க்கவில்லை. ஸ்டூல் உறையின் ஓரத்தில் பிரிந்து நின்ற நூல் அவள் கையில் சிக்கியிருந்தது. குனிந்து, உறையைப் புரட்டிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்ன டிரிம்மரை எடுத்து நறுக்கென்று வெட்டினாள்.

"எந்தப் புண்ணியவான் தெச்சது இத?" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, கவுன்ட்டர்காரனிடம் இங்கிலீஷில் கேட்டாள். "ஹூ ஸ்டிச்? நாட் குட்."

அவன் கட்டைவிரலால் பக்கத்து ஸ்டூலைக் காட்டினான். ஜீன்ஸில் சாக்பீஸ் பொடி படிந்த, புஜம் பருத்த ஒரு மெக்சிகோக்காரி பியர் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நான்தான்," என்றாள் இங்கிலீஷில்.

திருமூர்த்தி அவள் காதருகே குனிந்தான். "சாரி சொல்லு சாரதா."

"எதுக்குங்க? தையல் விட்டிருக்குது."

மெக்சிகோக்காரி, நூல் மட்டம், அதை வாங்கிக் கொடுத்த இந்தக் கஞ்சனைக் கேள் என்று கவுன்ட்டர்காரனைக் காட்டினாள். அவன் எனக்கென்ன என்று கையை விரித்தான். நூல் நல்ல நூல்தான், மெஷினில் இழுப்பு லூஸ் என்று சாரதா விரலைத் திருகிக் காட்டினாள். மெக்சிகோக்காரி கவுன்ட்டரைத் தட்டினாள். இவளும் தட்டினாள். சண்டை நன்றாக ஏறி வந்தபோது, மெக்சிகோக்காரி தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகத்தின் குறுக்கே ஊசி இறங்கிய தழும்பு. சாரதா தன் விரலை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே விரல், அதே இடம்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேட்ச் பார்த்தவர்கள் திரும்பினார்கள்.

அவள் பெயர் லூப்பே. கார் சீட்டும் பார் ஸ்டூலும் தைக்கிறவள். திருமூர்த்தி மொழிபெயர்க்கப் போனான்.

"நீங்க சும்மா இருங்க. எங்களுக்குப் புரியுது."

கழிப்பறையிலிருந்து வந்த சுந்தர்சிங் வாயைப் பிளந்தான். "நாலு வருஷமா பாருக்குப் போறேன் மக்கா. ஒருத்தன் எம் பேரக் கேட்டதில்ல."

"செவுத்துக்கு எதுக்குங்கண்ணா உங்க பேரு?"

சுந்தர்சிங் வாசலை ஒருமுறை பார்த்தான். பிறகு, வருவது வரட்டும் என்று ஒரு ஸ்டூலில் ஏறினான். பக்கத்து ஆள் பெயர் கேட்டான். சொன்னதும், சிங் என்றால் தலைப்பாகை எங்கே என்றான். சுந்தர்சிங் நாகர்கோவில் கிறிஸ்தவர்களின் வரலாற்றைத் தொடங்கினான்.

வெளியே வந்து வண்டி கிளம்பிய பிறகும் சாரதாவின் குரல் இறங்கவில்லை.

"அத்தாம் பெரிய கத்தரிய வெச்சு நூல் வெட்டறாளாமுங்க! என்ற டிரிம்மரப் பாத்து உட மாட்டேங்கிறா."

"குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல?"

"இது என்ற கைக்குப் பழகினது. புதுசு வாங்கியாந்து தர்றேன்னு சொல்லிட்டேன்."

திருமூர்த்தி ரோட்டையே பார்த்தான். "எப்பத் தர்றேன்னு சொன்ன?"

"கல்யாணம் முடியோணும், மறுவீடு அழைக்கோணும். ஒரு மாசம்னு வெச்சுக்கங்க. லூப்பே அங்க வெள்ளிக்கிழமைதான் வருவாளாம், அதுக்கு முன்னால வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போட்டுருங்க."

பின் சீட்டிலிருந்து சுந்தர்சிங் கத்தினான்.

"ஏலேய், உன் வீட்டுத் திருப்பம் போயிட்டு! எங்கல போற?"