அப்பன்மாரை அடித்த வாத்தியார்

ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்தில் ஜக்கையன் வாத்தியார் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. அடிப்பதற்குப் பிள்ளை வந்தால்தானே. ஏலக்காய் எடுப்பு வந்துவிட்டால் அப்பன்மார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். இந்த எடுப்பில் இன்ஸ்பெக்டர் வருகிறார்; பள்ளிக்கூடம் காலியாக இருந்தால் மூடிவிடுவார் என்று தாக்கல் வந்திருந்தது. மூடினால் ஜக்கையன் மறுபடியும் மூட்டை தூக்கப் போக வேண்டும்.

அவர் எழுத்துக்கு முன்னால் சிலம்பம் படித்தவர். கம்பை எடுத்துக்கொண்டு முதலில் சோணை வீட்டுக்குப் போனார்.

"மகனை அனுப்புறியா?"

"பெறகு காய் எடுக்க நீரா வருவீரு, அண்ணே?"

சோணையின் வலது கை ஒடிந்த சத்தத்தில், பல மைல் தள்ளிப் போடியில் இருந்த ஏலக்காய் வியாபாரி இப்ராஹிம், மூட்டைதான் வெடித்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தார். எடுப்பு தொடங்குவதற்குள் ஊரில் வலது கை நேராக இருந்த அப்பன் ஒருவனும் இல்லை. ஒடிந்த கைகளுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கட்டி, பக்கத்துத் தேவாரத்து மலையில் யானைக்குத் தின்ன மூங்கில் மிஞ்சவில்லை.

ஜக்கையன் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் காத்திருந்தார். ஒரு குஞ்சும் வரவில்லை. சோணையின் மனைவி சுருளியம்மாளிடம் போய்க் கேட்டார்.

"ஆம்பளை கையை ஒடிச்சுப்புட்டீரு. கஞ்சியை நான்தான் ஊட்டுறேன். சோலிக்கு யாரு போறது? எல்லாப் பிள்ளைகளும் கங்காணியோட மலைக்குப் போயிருச்சுக."

மறுநாள் இன்ஸ்பெக்டர் மட்டக்குதிரையில் வந்து இறங்கியபோது பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. மீசைக்காரர்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு, இடது கையால் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கம்போடு ஜக்கையன்.

"பிள்ளைகள் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மலையில, எசமான்," என்றான் சோணை. "எங்களுக்குப் பதிலா அதுக. அதுகளுக்குப் பதிலா நாங்க."

இன்ஸ்பெக்டர் கம்பைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்த நேரம் சுருளியம்மாள் உலக்கையோடு உள்ளே வந்தாள். கஞ்சிகூடக் குடிக்கவிடாமல் அவள் புருசனை வாத்தியார் இழுத்து வந்திருந்தாரே. ஜக்கையன் கம்பைச் சுழற்றினார், கம்பு இரண்டாயிற்று. அடுத்து வாத்தியாரின் வலது கை ஒடிந்தது. இடது கை சும்மா இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை, அதையும் முடித்தாள்.

"பள்ளிக்கூடம் இனி நடக்காது போலிருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர், தன் இரு கைகளையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு.

"நடக்கும்," என்றாள். "ஆம்பளைக கை கூடுனதும் மலைக்குப் போயிருவாக, பிள்ளைக இங்கிட்டு வந்துரும். அது வரைக்கும் இவுகளே இருக்கட்டும். வாத்தியாருக்கு வாய் நல்லாத்தான் இருக்கு."

அப்படியே ஆயிற்று. அடுத்த எடுப்புக்கு அப்பன்மார் மட்டும் மலையேறினார்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. ஜக்கையன் கைகளைத் தொங்கலில் போட்டுக்கொண்டு, வாயாலேயே பாடம் நடத்தினார். கட்டு அவிழ்க்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் சுருளியம்மாள் உலக்கையோடு வந்து வாசலில் நிற்பாள்.

"இன்னும் கூடலை, தாயி," என்பார் வாத்தியார், அவசரமாக.