ஃப்ரிட்ஜின் மேல் ஒரு இறக்குமதித் தடை

1

இந்தக் கதை ஒரு வடையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் பாதிச் செய்தி இருந்தது. அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பான் உணவுக்குப் போட்ட தடையை ஒரு நாடு விலக்கியதாம், இன்னொரு நாடு மறுபடி போட்டதாம், தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்ததாம். மீதியை எண்ணெய் குடித்துவிட்டது.

உடனே எழுத உட்கார்ந்தேன். 'ஜெனீவா நகரின் நீண்ட மேசைக்கு இருபுறமும், இறுக்கமான முகங்களோடு தூதர்கள்...'

(இதற்கு மேல் ஓடவில்லை. தடை பற்றி எழுத வந்தவன் அதிகபட்சம் போயிருப்பது தடா வரைக்கும்தான். அது ஆந்திரா.)

2

ஆகவே தூதர்களை அனுப்பிவிட்டு கிரேஸைக் கூப்பிட்டேன். முப்பத்தாறு வயது. சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். அங்கே நல்லதற்கு ஓகே, கழிக்க வேண்டியதற்கு என்.ஜி., அதாவது 'நோ குட்'. யாராவது கண்ணால் பார்த்தே எதையாவது என்.ஜி. பெட்டியில் போட்டால் பிடித்துக்கொள்வாள்.

"அளந்து பாத்தியா? அளக்காம இன்னாத்துக்குக் கழிக்கிற?"

அதே கம்பெனியின் இன்ஜினியர் எண்டோ. மூன்று வருஷமாக இங்கே இருக்கிறார், அந்த அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாக்காரர். தமிழை மெஷின்களுக்கு நடுவில் கற்றதால், "இன்னா கிரேஸ்-சான், நாஷ்டா ஆச்சா?" என்றுதான் வணக்கம் சொல்வார். 'சான்' மட்டும் ஜப்பான் மரியாதை. எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும்.

ஊருக்குப் போய்வந்தபோது எண்டோ ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவர் அம்மா வீட்டு மரத்துப் பழம். பார்க்கத் தக்காளி மாதிரி இருக்குமாம். தோல் சீவி, கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைத்தது. கிரேஸ் ஐந்து மாதம் என்று கேள்விப்பட்டு அந்த அம்மாவே கட்டிக்கொடுத்தது. கூடவே கதிர்வீச்சு சோதனை செய்த சீட்டு. அதில் கிரேஸுக்குப் படிக்க முடிந்தது இரண்டே எழுத்து: என்.டி.

3

வீட்டில் அவள் கணவன் அந்தோணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் ஜப்பான் கம்பெனியில்தான் வெல்டர்.

"இன்னாது இது, என்.டி.?"

"தெர்ல. என்.ஜி.தான் தெரியும்," என்றாள் கிரேஸ்.

"அதுக்குத் தம்பியா இருக்கும். எதுக்கும் மேல வச்சிடு."

பெட்டி ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாக கிரேஸ் ஒரு பொருளை அளக்காமல் கழித்தாள்.*

* அவளுக்கு அது உறுத்தியது, காரணம் உண்டு. கடம்பத்தூரிலிருந்து வரும் நாத்தனார் மோனிகா, கிரேஸ் பறித்துக் கொடுக்கும் முருங்கைக்கீரையை ஒவ்வொரு முறையும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். "மறந்துட்டேன் அண்ணி." கம்பெனிப் புகையில் வளர்ந்த கீரை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும்.

4

இதுவரை படித்த என் மனைவி நர்மதா, "அவள் மாசமா இருக்கறது மலிவான தந்திரம். எடுத்துடுங்க," என்றாள். சரியான விமர்சனம். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தவளிடமிருந்து அதை நான் எப்படி எடுப்பது? முடியாது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

5

எண்டோ ஒரேயடியாக ஜப்பான் திரும்புகிறார், நாளைக்கு விமானம். இன்று கேன்டீனில் கிரேஸின் எதிரே வந்து உட்கார்ந்து, "பழம், ஓகேயா?" என்கிறார். அவள் இப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் முடிவில் கிரேஸ் காலையிலேயே பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளின் பயத்தை ஒரு வரியில் துடைத்துவிட நான் யார்?

இன்னொன்றில் "சூப்பர் சார்!" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் மோனிகா வீட்டு வாசலில்... (வேண்டாம். சிரிப்பு வருகிறது, ஆனால் வேண்டாம்.)

மூன்றாவதில் உண்மையைச் சொன்னாள்.

"இன்னும் துன்னல சார். பயமா கீது." போனில் இருந்த சீட்டின் படத்தைக் காட்டினாள். "இந்த என்.டி.ன்னா இன்னா சார்?"

"நாட் டிடெக்டட். தேடினாங்க. கெடைக்கல. அதான் என்.டி."

கிரேஸின் முகம் மலர்ந்தது. அரை நொடிதான். தரம் பார்க்கிறவள் அல்லவா?

"ஒண்ணுமே இல்லியா சார், இல்ல மிஷினுக்குத் தெர்லயா? அது எவ்ளோ சின்னது வரைக்கும் அளக்கும்?"

எண்டோ அந்த அளவைச் சொன்னார். அதற்கும் கீழே இருந்தால் என்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை.

"என் வொய்ஃபும் இதேதான் கேட்டா," என்றார். டோக்கியோவில் அவர் மகனுக்கும் இந்தப் பழம் கிடையாது. வருஷா வருஷம் பெட்டி வரும், பிரிக்காமல் கிடக்கும். பையன் விரும்பிச் சாப்பிட்டான் என்று அம்மாவிடம் சொல்வது எண்டோவின் வேலை.

"பொய் சொல்லிச் சொல்லி பேஜாரு, கிரேஸ்-சான். இந்தத் தபா அம்மாகிட்ட நீ சொல்லு."

வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு, போனை கிரேஸ் கையில் கொடுத்துவிட்டார். நரைத்த தலை ஒன்று திரையில் வந்து குனிந்து வணங்கியது. அந்த அம்மா ஏதோ கேட்டார். எண்டோ மொழிபெயர்க்கவில்லை. எந்த நாட்டு அம்மாவும் கேட்பதுதான் அது: சாப்பிட்டாயா?

6

இங்கே ஏழு பதில் எழுதி ஏழையும் அடித்துவிட்டேன். வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். முகத்தை எழுத எனக்கு வரவில்லை.

போனைக் கொஞ்சம் பிடியுங்கள். அவர் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.